கோளாறு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த போன்

சர்வீஸ் சென்டரில் ஒரு போன் மேசைக்கு வந்ததும், ரிப்பேர் பார்க்கிற நீங்கள் செய்கிற முதல் காரியம் எனக்குத் தெரியும். கொண்டுவந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் கேபிளைச் சொருகிச் சோதனையை ஓட விடுவீர்கள். கணினித் திரையில் வரிசையாகப் பச்சை டிக் விழுந்துவிட்டால் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறதே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள்மேல் கோபம் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அதே நிம்மதியோடுதான் நானும் சம்பளம் வாங்கினேன்.

விஷ்ராந்த்வாடியில் ஒரு போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வளர்ந்தது தாபோடியில். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஒருவர் கவனம் பிசகினால் கை போகும், சில சமயம் ஆளே போவார். நம் தொழிலில் அப்படி என்ன ஆகிவிடும், போனால் ஒரு போன் போகும், வேறு கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் சாமர்த்தியமாகச் செய்த காரியங்களை வீட்டுக்கு வந்தால் சொல்கிறேன். இது என் முட்டாள்தனத்தைப் பற்றியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், மார்ச் மாதம், வெயில் ஏறத் தொடங்கிய சமயம். பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண் கவுண்டரில் வந்து நின்றாள். என் டெக்னீஷியன் சந்தீப்பிடம் மராத்தியில், "தாதா, ஹா ஃபோன் ஆபோஆப் கால் கரதோ" என்றாள். போன் தானாகவே கால் செய்கிறது என்கிறாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, "வேணான்டி பூஜா, வா பூடலாம்" என்று புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

தமிழ் காதில் விழுந்ததும் நான் எழுந்து வந்தேன். "வாங்க, உக்காருங்க. என்ன ஆச்சு போனுக்கு?"

அந்த அம்மா பெயர் மல்லிகா. ஏரவாடாவில் வீடு. விஷ்ராந்த்வாடியில் ஒரு பெண்கள் விடுதி மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிற வேலை. பெற்றவர்கள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பேச்சு அப்படியே இருந்தது. மகளுக்கு இந்தியும் மராத்தியும்தான் சரளம்.

"அவரு போனு மேடம் இது. எங்க வூட்டுக்காரரு. புச்சு. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆவல, தை மாசம் அவரு பூட்டாரு. டெம்போ ஓட்டிகினு இருந்தாரு. மத்தியானம் சாப்ட வந்தவரு, மாரு வலிக்குதுன்னு பக்கத்து வூட்ல சொல்லிட்டுப் போயிப் படுத்தாரு, அவ்ளோதான். அவரு படத்தாண்ட இத்த வச்சிகிறேன். எப்பவும் சார்ஜிலதான் கெடக்கும். அணைக்க மனசு வர்ல."

"சரி. என்ன பண்ணுது?"

"ஒரு வாரமா மத்தியானம் ரெண்டரைக்கு மேல எனக்குக் கால் வருது மேடம். அவரு பேருல. நான் மெஸ்ஸுல கீறேன். இவ காலேஜில கீறா. வூடு பூட்டி சாவி என் இடுப்புல கீது."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"என்ன கேட்டுச்சு?"

அவர் மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மூச்சு உடுற சத்தம்" என்றார். சந்தீப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவனும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

நான் சிரித்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம் என்று சீட்டுப் போட்டு, போனைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். அந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். வாடிக்கையாளர் சொல்கிற கோளாறு நம் கண்முன் நடக்க வேண்டும். நடந்தால் அது கோளாறு. நடக்காவிட்டால் ‘கோளாறு இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நம் கடையில் ஏசி ஓடுகிறது, அலமாரியில் போன் சார்ஜர் இல்லாமல் சும்மா கிடக்கிறது. ஏரவாடாவின் தகரக் கூரையும் மத்தியான வெயிலும் நம் அலமாரிக்குள் வருமா என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். கடையில் கூட்டம் இல்லை. அலமாரியில் ஏதோ வெளிச்சம் தெரிந்து திரும்பினேன். அந்தப் போனின் திரை தானாக எரிந்தது. எண்கள் போடுகிற பலகை திறந்தது. யாரோ யோசித்துக்கொண்டிருப்பது போல அப்படியே சற்று நேரம் நின்றது. பிறகு அணைந்தது. மணி இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்பு.

நான் பார்த்தேன். இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறை என் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டு டப்பாவில் இருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன். அது புது மாடல். புது மாடல்மேல் கோளாறு எழுதும்போது யோசித்து எழுதுங்கள் என்று அந்த வாரம்தான் மேலிடத்திலிருந்து போன் வந்திருந்தது. எழுதினால் படம் எடுக்க வேண்டும், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சோம்பல்தான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். உண்மையில் எனக்கு அந்தப் போனைத் தொடப் பயமாக இருந்தது. அது கடையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள். "போன்ல ஒரு கோளாறும் இல்லம்மா. தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"நல்லா பாத்தீங்களா மேடம்?"

"பார்த்தாச்சு."

"மிசினு மேல தப்பே இல்லியே?"

"இல்லைங்கறேன்."

"எழுதிக் குடுங்க."

சீட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்காகப் பின்பக்கம் தமிழிலும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அதைப் படித்துப் பார்த்த மல்லிகாவின் முகம் தெளிந்துவிட்டது. மகள் முகம் வாடிவிட்டது. தாய்க்குப் பயம் போயிற்று, பெண்ணுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று நான் கணக்குப் போட்டேன். இரண்டு முகத்தையும் நான் தப்பாகப் படித்தேன்.

மார்ச் முடிவதற்குள் அதே மாடலில் இன்னும் இரண்டு போன் வந்தன. ஒன்று தானாகவே பாட்டுப் போடுகிறது என்று வந்தது, இன்னொன்று முதுகு பிளந்து வந்தது. திறந்து பார்த்தோம். விஷயம் தொழிற்சாலையிலேயே ஆரம்பித்திருந்தது. பேட்டரி உட்கார்கிற இடத்தை ஒரு நூல் குறைவாக வைத்துவிட்டார்கள். சார்ஜில் கிடந்து வெயில் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். உப்ப இடம் இல்லாமல் திரையை உள்ளேயிருந்து அழுத்தும். திரைக்கு விரல் என்ன, பேட்டரி என்ன? அழுத்தம் பட்டால் வேலை செய்யும். இன்னும் உப்பினால் ஒரு நாள் தீப்பிடிக்கும். அறிக்கை எழுதி மேலே அனுப்பினேன். பார்க்கிறோம் என்றார்கள். அந்த மாடல் முழுவதையும் அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ள மழைக்காலம் வந்துவிட்டது.

மல்லிகாவின் நினைப்பு எனக்கு அப்போதே வந்தது. சீட்டில் முகவரி என்று ஏரவாடா மட்டும்தான் இருந்தது. ஒரு எண் இருந்தது. ஏப்ரல் முதல் வாரம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அந்த எண்ணுக்குப் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்கள்.

"மல்லிகாம்மா?" என்றேன். பதில் இல்லை. எங்கோ ஃபேன் சுற்றுகிற சத்தம். அதைவிட ரொம்பப் பக்கத்தில், மெதுவாக இழுத்து விடுகிற ஒரு சத்தம். நான் சீட்டை மறுபடி பார்த்தேன். தொடர்பு எண் என்ற இடத்தில் மல்லிகா கொடுத்திருந்தது செத்துப்போன புருஷனின் எண். பூட்டிய வீட்டில் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற அந்தப் போனுக்குத்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

வைத்துவிட்டேன். உப்பிய பேட்டரி எடுக்கிற பொத்தானையும் அழுத்தும், கேட்டது ஃபேன் சத்தம் என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு நான் போடவில்லை. வருகிற அன்று வரட்டும் என்று விட்டுவிட்டேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகும் விட்டேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மே மாதம் ஒரு நாள், மத்தியானம் ஒரு மணி இருக்கும். மல்லிகா தனியாக வந்தார். கையில் துண்டில் சுற்றிய போன். "முதுவு மூடி தொறந்துகிச்சி மேடம். கொஞ்சம் கம்மு போட்டு ஒட்டிக் குடுங்க. இன்னிக்கி மெஸ்ஸுக்கு லீவு போட்டுகினு வந்தேன். சீக்கிரம் போவணும்."

போனை வாங்கிக் கண்ணாடி மேசையில் வைத்தேன். நிற்கவில்லை, ஆடியது. வயிறு உப்பியிருந்தது. பக்கத்தில் குனிந்தால் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. முகர்ந்து பழகுங்கள், அந்த வாடையை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது.

"மல்லிகாம்மா, இதை இனிமே தொடக் கூடாது. வெடிக்கும். இங்கேயே விட்டுட்டுப் போங்க. அதே நம்பரோட புது போன் நான் தர்றேன், இலவசமா."

"புச்சு எனக்கு எதுக்கு? அவரு இதுலதான கூப்புடுறாரு?"

"அவர் கூப்பிடல. பேட்டரி உப்பிப் போய்…"

அவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நான் கொடுத்த சீட்டு. மடிப்புக் கலையாமல் இருந்தது. "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க மேடம், மிசினு மேல தப்பு இல்லன்னு? மிசினு தப்பு இல்லன்னா கூப்புடுறது யாரு? அவருதான?"

நான் பயம் போக்கி அனுப்பியதாக நினைத்தேன். ஆவி உண்டு என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தமிழிலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மகள் முகம் அன்று வாடியது அதனால்தான். நாம் எழுதுகிற இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று நாம் பார்ப்பதே இல்லை. எங்கள் சோதனையில் தெரியவில்லை என்று எழுதுங்கள். உங்கள் அறியாமையை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். கோளாறு இல்லை என்று எழுத உங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"பிடுங்கி வைத்துக்கொள்ளலாம் மேடம்" என்று சந்தீப் இந்தியில் காதைக் கடித்தான். வாடிக்கையாளர் பொருளை நாம் பிடுங்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீறியிருப்பேன். ஆனால் பிடுங்கினால் புருஷனை நான் கொண்டுபோய்விட்டேன் என்றுதான் அந்த அம்மா சாகும்வரை நினைப்பார். கடையில் தீயணைக்க வைத்திருந்த வாளி மணலை ஒரு பிஸ்கட் டப்பாவில் நிரப்பி, "போனை இதுக்குள்ள வைங்க. நானும் உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டு வைத்தார்.

ரிக்‌ஷாவில் டப்பா என் மடியில் இருந்தது. பாதி வழியில் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு பூட்ட அன்னிக்கி ரெண்டு நாப்பதுக்கு எனக்குக் கால் பண்ணாரு அக்கா. கல்லு மேல சப்பாத்தி கீது, சூப்பர்வைசர் அம்மா பாத்துகினே நிக்குது. கட் பண்ணிட்டேன். வூட்டுக்கு வந்து பாத்தா ஒடம்பு சில்லுனு கெடக்குது." மேடம் எப்போது அக்கா ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. "இப்ப அவரு கூப்புடுறாரு. நான் எடுக்கிறேன். ஒருநாள்கூட வுடல."

மடியில் இருந்த டப்பா வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரே அறைதான் வீடு. தகரக் கூரை. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. பூஜா உள்ளே இருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். சுவரில் மாலை போட்ட படம், அதன் கீழே ஒரு மரப்பலகை, பலகையில் சார்ஜர் வயர். போன் கிடந்த இடத்தில் மரம் பழுப்பாகக் கருகியிருந்தது. நான் அதில் விரலை வைத்துக் காட்டினேன்.

"பூஜா எங்க படுப்பா?"

மல்லிகா பலகையைப் பார்த்தார். அதன் நேர் கீழே பாய் சுருட்டி வைத்திருந்தது. "தோ இங்கதான்" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கருகலையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "எடுத்துகினு போங்க அக்கா. ஒரே ஒரு தபா பேசிட்டுக் குடுத்துடுறேன். அன்னிக்கி கட் பண்ணதுக்கு நான் இன்னும் அவராண்ட மன்னிப்புக் கேக்கல. கேக்க வாய் வர்ல. இன்னிக்கி கேட்டுடுறேன்."

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கையேட்டில் இருக்கிறது. உப்பிய பேட்டரிக்குச் சார்ஜர் சொருகக் கூடாது. நான் சொருகினேன். அது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். செய்தே தீர வேண்டும் என்ற நிலை உங்களுக்கு வந்தால், பக்கத்தில் நிற்கிற ஆள் நீங்கள் ஒருவராகவே இருங்கள். மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரியில் மணலைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் போனை வைத்து, நீள வயரில் சார்ஜரை இணைத்தேன். தாயையும் மகளையும் வாசலில் நிற்கச் சொன்னேன். என் ஒரு கை சுவிட்சில், இன்னொரு கையில் மீதி மணலோடு டப்பா.

காத்திருந்தோம். கூரைத் தகரம் சூட்டில் டிக் டிக் என்று விட்டுவிட்டு முறிந்தது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டரை ஆயிற்று. எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் போய்விட்டால் இந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குக் கவலை வந்தது. நடந்துவிடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது.

திரையில் வெளிச்சம் வந்தது.

எண் பலகை திறந்தது. யாரும் தொடவில்லை. பச்சைப் பொத்தான் ஒரு தடவை அமுங்கியது. கடைசியாகப் பேசிய எண் வந்து உட்கார்ந்தது. சற்று நின்று, இன்னொரு தடவை அமுங்கியது. ஏன், எப்படி என்று ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும், படம் வரைந்து அறிக்கை எழுதியவளே நான்தான். ஆனாலும் என் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. வாசலில் மல்லிகாவின் போன் அடித்தது.

அவர் எடுத்துக் காதில் வைத்தார். தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்தாங்க" என்றார். மோரிக்குள்ளிருந்து சின்னதாக அதே குரல், ஒரு நொடி கழித்து, "நான்தாங்க" என்றது.

"அன்னிக்கி நீங்க கூப்ட்டப்ப நான் எடுக்கல. கல்லு மேல சப்பாத்தி கெடந்துச்சி, வேணும்னு எடுக்காம இல்லீங்க. தண்ணி கேக்கத்தான் கூப்ட்டீங்களோ, இன்னாத்துக்குக் கூப்ட்டீங்களோ, எனக்குத் தெரியாமப் பூட்சி. என்னை மன்னிச்சிடுங்க."

மணலுக்குள்ளிருந்து, ஒவ்வொரு வார்த்தையும், செத்தவருக்குச் சொல்வது செத்தவர் பக்கத்தில் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், பூஜா வாசலில் இல்லை. எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்து மோரிக்குப் பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு போனை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தாள். பழகிய இடத்தில் பழகியபடி குனிவது மாதிரி இருந்தது.

போனின் ஓரத்தில் ஒரு சீறல். அவளைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன், சுவிட்சை அணைத்தேன், டப்பா மணலைக் கவிழ்த்தேன். மணலைப் பிளந்துகொண்டு வெள்ளைப் புகை வந்தது. கண் எரிந்தது. மூவரும் தெருவுக்கு ஓடி வந்தோம். மல்லிகா இன்னும் காதில் போனை வைத்துக்கொண்டு, "அலோ? அலோங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புகை அடங்க வெகு நேரம் ஆயிற்று. உள்ளே போய்ப் பார்த்தேன், மணல் கருத்துக் கட்டி தட்டியிருந்தது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து மல்லிகாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். செய்யும்போதே தப்பாகச் செய்த போன் இது, தானாகக் கூப்பிட்டது பேட்டரிதான், நான் எழுதிக் கொடுத்தது பொய், அலமாரியில் அதன் திரை தானாக எரிந்ததைப் பார்த்துவிட்டே அப்படி எழுதினேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"அப்ப இத்தினி நாளா நான் யாராண்ட பேசிகினு இருந்தேன் அக்கா?" என்றார்.

பூஜாதான் பதில் சொன்னாள்.

"என்கிட்ட, மம்மி."

மல்லிகா திரும்பினார்.

"பரீட்சை முடிஞ்சி வூட்ல இருந்தேன். போன் தானா லகாச்சு… கால் போச்சு. உன் குரல் வந்துச்சு. முதல்ல டர் லகா… பயமாச்சு. அப்புறம் கேட்டேன். டெய்லி கேட்டேன்." தமிழ் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள். "வூட்ல நீ பப்பா பத்தி ஒண்ணும் பேச மாட்டே. அழ மாட்டே. போன்லதான் எல்லாம் சொன்னே."

"மூச்சு உட்டது நீயா?"

"நான்தான். மூச்சு இல்லேன்னா நீ வச்சிடுவே."

"மொத நாள்லேருந்தா?"

"இல்ல. சொன்னேனே, பரீட்சை அப்புறம்தான். ஏப்ரல் கடைசி. அதுக்கு முன்னாடி நான் காலேஜ்லதானே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். வெயில் சுட்டெரிக்கிறது, எனக்குக் குளிர்ந்தது.

"எதுக்குடி தெனம் கேட்ட?" மல்லிகா கேட்டார். "சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒரு நாள் நீ பப்பாகிட்ட சொன்னே, நானும் உங்களாண்ட வந்துடுறேன்னு. எனக்குப் பயம். மத்தியானம் உன் குரல் வரணும். வந்தா நீ இருக்கே." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதான் நான் எங்கேயும் போகல. ஃப்ரெண்ட் வூட்டுக்குப் போறேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு ரெண்டரைக்கு வூட்ல இருந்தேன்."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு அந்தத் தெரு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சத்தமாக வந்தது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. பூஜா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து மல்லிகா, "நாளிக்கி மத்தியானம் எனக்கு போன் வராதேடி" என்றார்.

"நான் பண்றேன்" என்றாள் பூஜா. "கல்லு மேல சப்பாத்தி இருந்தாலும் எடு."